வடை பத்து ரூபாய் ஆனதற்கு நான் காரணமில்லை

தீபாவளிக்கு மறுவாரம் சென்னையிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். வேளச்சேரிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், ஊர் முக்கில் இருக்கிற அக்கா கடைக்குக் கூட்டிப் போனேன். ரெண்டு டீ, நாலு உளுந்த வடை. காசு கொடுக்கும்போது பையன் முகம் மாறிடுச்சு.

"என்னக்கா, போன தடவை வந்தப்ப எட்டு ரூபாதானே?"

"ஆயுத பூஜையிலேர்ந்து பத்து தம்பி."

"மெட்ராஸ்லதான் வடை பதினஞ்சு ரூபான்னு பார்த்தா, ஊர்லயும் இதே கதையா?" என்றவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "எல்லாம் மாமா மாதிரி ஆளுங்க பண்ற வேலை. விவசாயிங்க விலையை ஏத்திவிட்டா பாவம் அக்கா என்ன பண்ணும்?"

அக்கா சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பையன் விளையாட்டாகத்தான் சொன்னான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ராத்திரி படுத்த பிறகும் அந்த வார்த்தை காதில் நின்னுக்கிட்டே இருந்தது. ஏன்னா, இது அவன் ஒருத்தன் சொல்றது இல்லை. டிவியைப் போட்டால் இதைத்தான் சொல்றாங்க. தக்காளி ஏறினால், வெங்காயம் ஏறினால், "இல்லத்தரசிகள் அதிர்ச்சி". அதே தக்காளியை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் நாளில் அதிர்ச்சி அடைய ஆளைக் காணோம்.

அதனால் எழுந்து லைட்டைப் போட்டு, வரவு செலவு நோட்டை எடுத்தேன். பட்டணத்து நண்பர்களே, கணக்கை உங்கள் முன்னால் வைக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

முதலில் என் கணக்கு. நான் டெல்டாக்காரன், திருவாரூர் பக்கம். சம்பா நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல் தரிசு உளுந்து என்று பெயர். அதற்குத் தனியாகத் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் ராத்திரிப் பனியும்தான் அதுக்குச் சாப்பாடு. எழுபது, எழுபத்தஞ்சு நாளில் கைக்கு வந்துவிடும்.

கேட்க சுலபமாகத்தான் இருக்கும். தெளிக்கிற அன்றைக்கு மழை பெய்தால் விதை அழுகும். பெய்யாமல் மண் இறுகினால் முளைக்காது. முளைத்து வந்தால் நெல் அறுக்கிற மிஷின் மேலே ஏறி நசுக்கும். அதுக்குத் தப்பினால் மஞ்சள் தேமல் நோய். எல்லாத்துக்கும் தப்பி, செடியைப் பிடுங்கிக் காயப்போடும்போது கோடைமழை வந்து கருக்கிவிட்டுப் போகும்.

2025 வசந்தத்தில் எனக்கு ஏக்கருக்கு 180 கிலோ கண்டது. விதை, பூக்கும்போது டிஏபி கரைசல் ரெண்டு தடவை அடிச்சது, பூச்சி மருந்து, பிடுங்கற கூலி, அடிக்கிற கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 7,400 ரூபாய் செலவு. அரசாங்கம் அறிவித்த ஆதரவு விலை அப்போது குவிண்டாலுக்கு 7,400, அதாவது கிலோ 74. நான் விற்றது 71-க்கு. ஈரப்பதம் கூட இருக்கு, கல் இருக்கு, கலப்பு இருக்கு என்று சொல்லிக் கழித்தது போக அவ்வளவுதான் வியாபாரி கொடுத்தார். மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வர வண்டி வாடகைக்கு யார் தருவார்? ஏக்கருக்கு வந்தது 12,780. செலவு போக நின்றது 5,380 ரூபாய்.

இப்போது அக்கா கடைக்கு வாங்க. மறுநாள் காலையில் போய் உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டேன். ஒரு கிலோ உளுத்தம்பருப்பு ஊறவைத்து அரைத்தால் அக்கா கைக்கு ஐம்பது வடை. ஒரு கிலோ பருப்பு வேண்டுமென்றால், தோலும் குருணையும் போக, ஏறக்குறைய 1.4 கிலோ முழு உளுந்து மில்லுக்குப் போகணும். என் விலைக்கு அது 99 ரூபாய் 40 காசு. ஐம்பதால் வகுத்தால், ஒரு வடையில் என் உளுந்துக்கு ரெண்டு ரூபாய். அதிலும் செலவெல்லாம் போக என் கையில் நின்றது 84 காசு.

பத்து ரூபாய் வடையில் 84 காசு. வடையின் நடுவில் இருக்கிற ஓட்டைதான் என் பங்கு என்று பையனிடம் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் போடுங்கள். எனக்கு கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று வையுங்கள். 71 போய் 81. என் குடும்பத்துக்கு அது ஏக்கருக்கு 1,800 ரூபாய். பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேன் கட்டணம் கட்டலாம். அதனால் உங்கள் வடைக்கு ஏறுவது எவ்வளவு? 28 காசு! கடையில் ஏறியது ரெண்டு ரூபாய். அந்த ரெண்டு ரூபாயை என் தலையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

சரி, அப்போ அக்கா கொள்ளை அடிக்குதா? அதையும் பார்த்துவிடுவோம். கடையில் பருப்பு கிலோ 135. வடைக்கு 2.70. எண்ணெய் 1.20 ஆகுது. கேஸ் ஒரு ரூபாய். சட்னி, சாம்பார், வெங்காயம், மிளகு எல்லாம் சேர்த்து 1.20. கூடமாட நிற்கிற பொண்ணுக்குக் கூலி ஒரு ரூபாய். இலைக்கு 20 காசு. மொத்தம் 7.30. மிச்சம் 2.70. பருப்பு வடை, பஜ்ஜி எல்லாம் சேர்த்து நாளுக்கு 260 உருப்படி போனால் 700 ரூபாய். அதில் கடை வாடகை 100. தண்டல்காரருக்கு 100. தண்டல் என்றால் தெரியாதவர்களுக்கு: பத்தாயிரம் கடன் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் நூறாக நூறு நாள் கட்டணும். அது போனால் அக்காவுக்கு ஐந்நூறு. காலையில் நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்து ராத்திரி எட்டு மணிக்கு அணைக்கிற ஆளுக்கு ஐந்நூறு. எட்டு ரூபாய்க்கே விற்றுக்கொண்டிருந்தால் வாடகையும் தண்டலும் போக கையில் ஒண்ணும் நிற்காது. அக்கா விலை ஏத்தினதில் என்ன தப்பு?

அப்போ யார்தான் ஏத்துறது? மூணு பேரைச் சொல்றேன்.

முதல் ஆள் அடுப்புக்கு அடியில் இருக்கிறார். வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கடைக்கு வாங்குகிற 19 கிலோ சிலிண்டருக்கு 18 சதவீதம். 2025-ல் எங்கள் பக்கம் 1,800 சொச்சம் ஆனது, அதில் 275 ரூபாய் கிட்ட வரி மட்டும். நட்சத்திர ஓட்டலுக்கும் அதே 18, அக்கா கடைக்கும் அதே 18. அக்காவுக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது, கட்டின வரியை எங்கேயும் கழிக்க முடியாது. வடையில்தான் ஏத்தணும். மாசா மாசம் முதல் தேதி சிலிண்டர் விலை மாறும். 2022 மே மாசம் சென்னையில் 2,500-ஐத் தொட்டது. அப்போது கடைக்குக் கடை விலையை ஏத்தினாங்க. பிறகு சிலிண்டர் இறங்கினபோது எந்த வடை இறங்கியது?

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி குறைப்பு என்று பெரிய கொண்டாட்டம் நடந்தது. சின்ன காருக்கு 28-லிருந்து 18 ஆனது. ஏசிக்கும் 18 ஆனது. நல்லது, வாங்குறவங்க வாங்கட்டும். வடை சுடுகிற சிலிண்டர் மட்டும் அதே 18-ல் நின்றது. காரும் வடையும் ஒரே தட்டில்! இதைப் பற்றி யாராவது ஒரு விவாத மேடை நடத்தினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ரெண்டாவது ஆள் சட்டியில் இருக்கிறார். நாம் தின்கிற எண்ணெயில் பாதிக்கு மேலே வெளிநாட்டிலிருந்துதான் வருது. 2022-ல் உக்ரைனில் சண்டை தொடங்கினபோது சூரியகாந்தி எண்ணெய் நின்றது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயிலை வெளியே விடமாட்டேன் என்று மூணு வாரத்துக்கு மேலே கதவைச் சாத்தினது. எங்க ஊர் சட்டி கொதிச்சது. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய் இறக்குமதி வரியை 5.5-லிருந்து 27.5 சதவீதத்துக்கு ஏத்தினாங்க. எண்ணெய்வித்து விவசாயிக்காக என்றார்கள். சரி, அந்தக் காரணத்தை நான் குறை சொல்லமாட்டேன். கடலை போட்டவனும் என்னை மாதிரி ஆள்தான். ஆனால் எட்டு மாசத்தில், 2025 மே கடைசியில், அதை 16.5-க்கு இறக்கினாங்க. கடலை விவசாயி நம்பி விதைப்பதற்குள் வரி போயிடுச்சு. வடைக்காரர் நம்பி விலையை இறக்குவதற்குள் வேறொன்று ஏறிடுச்சு.

மூணாவது ஆள் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. அது நம்ம பயம். "விலை ஏறிடும்" என்கிற பயம். அந்தப் பயத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு தடவையும் விவசாயியின் விலையை மிதிக்கிறார்கள்.

2015 ஞாபகம் இருக்கா? பருப்பு வறட்சி. கடையில் உளுத்தம்பருப்பு கிலோ 150-ஐத் தாண்டிப் போனது. ஊரெல்லாம் கூச்சல். அஞ்சு ரூபாய் வடை அப்போதுதான் ஆறு ஆனது. அந்த நேரத்தில் எங்கள் கையில் உளுந்தே இல்லை, எப்போதோ விற்றுத் தின்றாகிவிட்டது. விலையைப் பார்த்து அடுத்த ரெண்டு வருஷம் நாடு முழுக்க எல்லாரும் உளுந்து போட்டார்கள். வெளியிலிருந்தும் வந்து இறங்கியது. 2017-ல் ஆதரவு விலை குவிண்டால் 5,400 என்று பேப்பரில் இருந்தது, சந்தையில் அதற்குக் கீழேதான் எடுத்தார்கள். எல்லாம் விழுந்து முடிந்த பிறகு, அந்த வருஷம் ஆகஸ்டில்தான் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். கேட்கிறேன், உளுந்து அப்படிப் படுத்துக் கிடந்த 2017-ல் யாராவது ஆறு ரூபாய் வடையை அஞ்சுக்குக் கொடுத்தார்களா? நான் இறங்கினதில் உங்களுக்கு ஒரு காசு லாபமில்லை.

2025-ல் நிலைமை என்ன தெரியுமா? உளுந்து வரியில்லாமல் வரலாம் என்று 2026 மார்ச் 31 வரை விட்டிருந்தார்கள். பெரும்பாலும் வருவது மியான்மரிலிருந்து. அங்கே அறுவடை மாசி, பங்குனியில். எங்களுக்கும் அதே மாசி, பங்குனி. என் உளுந்து களத்தில் காயும்போது அவங்க உளுந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்குது. மியான்மர் விவசாயிமேல் எனக்கு என்ன கோபம்? அவனும் வெயிலில் நின்று பிடுங்கினவன்தான். நான் கேட்பது ஒண்ணுதான்: எங்கள் அறுவடை நடக்கிற மூணு மாசமாவது கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைக்கக் கூடாதா? பஞ்சம் வந்தால் திறங்கள், யாரு வேண்டாமென்றது?

வெங்காயக் கதையும் இதேதான். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. திறந்தது 2024 மே 4. வடநாட்டுப் பெரிய வெங்காயத்துக்காகப் போட்ட பூட்டில் பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்துச் சின்ன வெங்காயமும் மாட்டிக்கிச்சு. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகவேண்டிய சரக்கு பட்டறையிலேயே முளைவிட்டது. அந்த அஞ்சு மாசம் சென்னையில் வெங்காய பஜ்ஜி விலை எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீக்கும் இதே கணக்குத்தான். 2025 செப்டம்பரில் சென்னையில் டீ 12-லிருந்து 15 ஆனது. எங்கள் தெருவில் பால் ஊத்துறவங்களுக்கு அன்றைக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

இப்போ நீங்க ஒரு கேள்வி கேட்பீங்க, அது நியாயமான கேள்வி. "ஐயா, வடையும் டீயும் தின்கிறது பணக்காரனா? கட்டட வேலைக்குப் போறவர், ஆட்டோ ஓட்டுறவர், துணிக்கடையில் நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கிற பொண்ணு, இவங்களுக்குத்தானே அது மத்தியானச் சாப்பாடு? அவங்க வயிற்றில் அடிக்கலாமா?"

அடிக்கக் கூடாது. எங்க ஊர் ஆட்கள்தான் அவங்க. இங்கே நடவு இல்லாத மாசத்தில் சென்னைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினவங்க. நாலு வடை தின்கிற இடத்தில் ரெண்டு தின்னுட்டு தண்ணியைக் குடிச்சுட்டு வேலைக்குப் போறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனால் ஒரு ஏழையின் வடையை மலிவாக வைக்க இன்னொரு ஏழையின் உளுந்தை மலிவாக வாங்குவதுதான் வழியா? அவருக்குக் கூலி சரியாகக் கொடுங்கள். சிலிண்டர் வரியைக் குறையுங்கள். அக்காவுக்குத் தண்டல் இல்லாமல் கடன் கிடைக்க வழி பண்ணுங்கள். அதெல்லாம் கஷ்டம், விவசாயியை அமுக்குவது சுலபம். அதனால்தான் அறுபது வருஷமாக அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லணும், மனசில் வைத்துக்கொண்டால் அஜீரணம் ஆகும். விலை பற்றி அதிகம் சத்தம் போடுவது அந்த ஆட்டோக்காரர் இல்லை. அவர் பேசாமல் ஒரு வடையைக் குறைத்துக்கொள்கிறார். சத்தம் போடுவது கொஞ்சம் வசதியான நம்ம ஆள்தான். ஆப்பில் வடை வரவழைத்தால், வடைக்கு ஒரு விலை, கொண்டுவரக் கூலி, டப்பாவுக்குக் காசு, அது போக ஏதோ ஒரு கட்டணம், எல்லாத்தையும் விரலால் ஒரு தட்டு தட்டிக் கொடுப்பார். அவரே தெருமுனையில் வண்டிக்கார அம்மாவிடம் "அஞ்சு வாங்கினா ஒண்ணு சேர்த்துப் போடமாட்டியா?" என்பார். எங்கே பேரம் பேச முடியாதோ அங்கே பேசாமல் கொடுக்கிறோம். எதிர்த்துப் பேசமாட்டாங்க என்று தெரிந்த இடத்தில்தான் நம் கெட்டிக்காரத்தனம்.

டெல்டாவுக்குக் காரில் வருகிறவர்கள் இன்னொரு குறையும் சொல்வார்கள். ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள், வண்டி சறுக்குகிறது என்று. உண்மைதான், ஆபத்துதான். ராத்திரியில் பைக்கில் வந்து விழுந்தவர்கள் உண்டு. எனக்கும் அது பிடிக்காது. ஆனால் ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் ஒழுங்காக இருந்தால் யார் நடுரோட்டுக்கு வரப்போகிறார்கள்? எங்கள் ஊர்க் களம் விரிசல் விட்டு, புல் முளைத்து, பல வருஷமாகக் கிடக்கிறது. ஆகையால் உங்கள் கார் டயர் அடித்துக் கொடுத்த உளுந்தும் நீங்கள் தின்ற வடையில் இருந்திருக்கும். அந்தக் கூலியை நாங்கள் உங்களுக்குப் பாக்கி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கு. இன்னும் ரெண்டு, ரெண்டரை மாசத்தில் தை வந்துவிடும். உளுந்து தெளிக்கணுமா வேண்டாமா என்று முடிவு பண்ணணும். என் பக்கத்து வயல்காரர்கள் மூணு பேர் கோடைப் பருத்திக்கு மாறிவிட்டார்கள். ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறவர்கள் கோடை நெல்லுக்குப் போய்விட்டார்கள். பருத்திக்கும் விலை நிச்சயமில்லை, நெல்லுக்குத் தண்ணீர் நிச்சயமில்லை. இருந்தாலும் போகிறார்கள். குறுவை நெல் இந்த ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலிலேயே முளைத்ததைப் பார்த்த பிறகு, ஏக்கருக்கு 5,380 ரூபாய்க்காக இன்னொரு தடவை வானத்தைப் பார்த்து உட்கார யாருக்கும் தெம்பு இல்லை. நான் இன்னும் விடவில்லை. விதைக்கென்று முப்பது கிலோவை வேப்பிலை போட்டுத் தகர டின்னில் கட்டி வைத்திருக்கிறேன். அதை அக்காவுக்கே விற்றுவிட்டால் என்ன என்று ரெண்டு தடவை யோசித்தும்விட்டேன்.

எங்களை மாதிரி ஆட்கள் விட்டுவிட்டால், அப்புறம் மழையும் சண்டையும் மியான்மரில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் உங்கள் வடை விலை இருக்கும். அன்றைக்கு யாரைத் திட்டுவீர்கள்?

உங்களிடம் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. அடுத்த தடவை டிவியில் "உளுந்து விலை ஏறியது" என்று வந்தால், "எவ்வளவு? பத்து ரூபாயா? அப்படின்னா வடைக்கு 28 காசு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஓட்டு கேட்டு வருகிறவரிடம் 19 கிலோ சிலிண்டருக்கு ஏன் 18 சதவீதம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது, இருந்தாலும் கேளுங்கள். தெருமுனை வண்டியில் ஒரு வடை சேர்த்துக் கேட்பதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு வடைதான் அந்த அம்மாவின் லாபம்.

பையன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா கடையில் பத்து வடை பார்சல் வாங்கினான். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு ஒண்ணும் பேசவில்லை. அக்காவே ஒரு வடை சேர்த்து வைத்துக் கட்டியது. "வேண்டாங்க்கா" என்று எடுத்துக் கொடுக்கப் போனான். "மெட்ராஸ் போறதுக்குள்ள பசிக்கும், வெச்சுக்க" என்றது.

மேற்கே மறுபடியும் கருக்குது. கீழ வயலில் வடிகால் மடை அடைத்துக் கிடக்கு, சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணியில் நிற்குது. மண்வெட்டியோடு கிளம்புறேன். கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். கணக்கு சரியென்றால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.